சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகிறது, மாத்திரையை நிறுத்தலாமா?

போன வருஷம் ஆனி மாதம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எங்கள் காவேரிப்பட்டினம் சுற்றுவட்டாரத்தில் மாங்கூழ் ஆலைகள் இரவு பகலாக ஓடுகிற நேரம். ஆலை வேலைக்குப் போகிற ஒரு அம்மா, நான் மருந்துக்கடை ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே வந்து நின்றிருந்தார். கையில் பாதி காலியான மாத்திரை அட்டை.

“அண்ணா, இந்த மாத்திரைய போட்டா பாப்பாவுக்கு ஒண்ணுக்கு மாங்கூழ் கணக்கா போகுதுங்க. பயந்துகிட்டு நிறுத்திட்டேன். ரெண்டு மூணு நாள்ல கலரு சரியாயிடுச்சு. ஆனா இப்ப மறுபடியும் ரத்தமும் சளியுமா வெளிய போகுதுங்க.”

பாப்பாவுக்கு 10 வயது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். அதற்கு சல்ஃபாசலசின் என்கிற மாத்திரை ஆரம்பித்து ரத்தம் நின்று, பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டிய பிறகு நிறம் அம்மாவின் கண்ணில் பட்டிருக்கிறது. அந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்தது நான்தான். “சிறுநீர் நிறம் மாறும், பயப்படாதீங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் குழந்தை மறுபடி ரத்தம் பார்த்திருக்க மாட்டாள். அன்றிலிருந்து இந்த மாத்திரை வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். கடைக்கு வராதவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. மருந்தின் அளவை மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டரின் முடிவு. நிறத்தைப் பார்த்ததும் என்ன நினைக்க வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் நோயின் பெயர். ‘அல்சர்’ என்று அதில் வருவதால், வேளைக்குச் சாப்பிடாமல் வயிறு எரிகிற அல்சர் என்றே நம் பக்கம் எடுத்துக்கொள்கிறார்கள். “காரம் சாப்பிட்டிருப்பா, அதான்” என்று குழந்தையைத் திட்டியவர்களும் உண்டு. அந்த அல்சர் இரைப்பையிலும் அதை ஒட்டிய சிறுகுடலின் தொடக்கத்திலும் வருவது. இது பெருங்குடலின் உள்பக்கத் தோல் அழன்று புண்ணாவது. நோயை எதிர்க்க வேண்டிய உடம்பின் சொந்தப் படையே குடலைத் தாக்குகிறது. மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும். குழந்தைகளுக்குப் பெரியவர்களைவிட அதிக நீளத்துக்குப் பரவியிருப்பது வழக்கம். ரத்தமும் சளியும் கலந்து போகும், ராத்திரி தூக்கத்தில் எழுந்து ஓட வேண்டியிருக்கும், போய்விட்டு வந்தாலும் இன்னும் இருப்பது போலவே முக்கும். சீதபேதி என்றோ மூலம் என்றோ நினைத்து மாதக்கணக்கில் கைவைத்தியம் பார்த்துவிட்டு, இளைத்துப் போன பிறகு தர்மபுரிக்கோ சேலத்துக்கோ பெங்களூருக்கோ கூட்டிப்போய், குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்த பிறகுதான் பலருக்குப் பெயரே தெரிகிறது. ஒட்டுவாரொட்டி இல்லை. ரத்தம் நின்ற பிறகும் மாத்திரை தொடர வேண்டும், ஏனென்றால் ரத்தம் நிற்பது நோய் அடங்கியிருப்பதன் அடையாளம். போய்விட்டதன் அடையாளம் இல்லை.

சிறுநீர் மஞ்சளாக இருப்பது எதனால்?

நிறம் மாறுவதைப் புரிந்துகொள்ள, மாறாதபோது இருக்கிற மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். நம் ரத்தச் சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்ந்து உடையும். உடைந்த சிவப்பிலிருந்து பிலிரூபின் என்கிற மஞ்சள் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதைப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்புகிறது. குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதை மாற்றுகின்றன. அந்த மாற்றத்தின் கடைசியில் வருகிற யூரோபிலின் சிறுநீரில் வெளியேறுவதுதான் நாம் பார்க்கிற மஞ்சள். பிலிரூபினை மாற்றும் அந்த நுண்ணுயிர் நொதியை விஞ்ஞானிகள் 2024-ல்தான் அடையாளம் கண்டு வெளியிட்டார்கள். தினமும் பார்க்கிற ஒரு நிறத்துக்கு இவ்வளவு தாமதமாகத்தான் முழு விடை கிடைத்தது.

குடல் நுண்ணுயிர்களை மறந்துவிடாதீர்கள். மாத்திரையின் கதையிலும் அவைதான் முக்கிய ஆட்கள்.

தண்ணீர் குறைவாகக் குடித்தால் அதே மஞ்சள் அடர்த்தியாகும். சித்திரை வெயிலில், வயிற்றோட்டமும் இருக்கிற குழந்தைக்குக் காலையில் கடுகெண்ணெய் நிறத்தில் போவது நீர் வற்றியதால். நிறைய தண்ணீர், மோர், இளநீர் கொடுத்து, அடுத்த இரண்டு மூன்று தடவை பாருங்கள். வெளுத்தால் விடை கிடைத்துவிட்டது.

மாங்கூழ் நிறம்

அந்த அம்மா கொண்டுவந்த அட்டையில் இருந்தது சல்ஃபாசலசின். மருந்தே ஆரஞ்சு கலந்த மஞ்சள் பொடி. இதை முதலில் உருவாக்கப் பாடுபட்டவர் நன்னா ஸ்வார்ட்ஸ் என்கிற ஸ்வீடன் நாட்டு மருத்துவர்; அந்த நாட்டின் அரசுப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான முதல் பெண். மூட்டுவாதத்துக்கு மருந்து தேடியபோது, கிருமியை அடக்கும் சல்ஃபா மருந்து ஒன்றையும், வீக்கத்தைக் குறைக்கும் ஆஸ்பிரின் குடும்பத்துப் பொருள் ஒன்றையும் ஒன்றாக இணைக்கச் சொன்னார். 1940-களில் அது குடல் புண்ணுக்கும் கேட்பது தெரிந்தது. 80 வருடம் கடந்தும் நம் ஊர்க் கடைகளில் இது விற்கிறது, விலையும் குறைவு. நாள்பட்ட நோய்க்கு மாதாமாதம் வாங்க வேண்டிய மருந்தில் விலை சின்ன விஷயம் இல்லை.

அந்த இணைப்பை இரண்டு மாடுகளைச் சேர்க்கும் நுகத்தடி என்று நினைத்துக்கொள்ளுங்கள். வேதியியலில் அதற்கு அசோ பிணைப்பு என்று பெயர். துணிச்சாயங்களில் பெரிய கூட்டத்துக்கு நிறம் கொடுப்பதும் இதே பிணைப்புதான். சல்ஃபா மருந்துகளே சாயப் பட்டறை வழியாக வந்தவை: 1930-களில் ஜெர்மனியில் கெர்ஹார்ட் டோமாக் கிருமிக்கு எதிராகச் சோதித்துப் பார்த்த பிரான்டோசில் ஒரு சிவப்புச் சாயம். அதற்காக அவருக்கு 1939-ம் ஆண்டின் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. எனவே இந்த வம்சத்து மாத்திரை நிறம் காட்டுவது பிறவிக்குணம்.

விழுங்கிய மாத்திரையில் ஒரு சிறு பங்கு மட்டும் நுகத்தடி கழலாமலே சிறுகுடலில் ரத்தத்துக்குள் போகிறது. அதில் பெரும்பகுதி பித்தநீரோடு மறுபடி குடலுக்குத் திரும்பிவிடும். மிச்சம் சிறுநீரகம் வழியாக வெளியே வருகிறது. நீங்கள் பார்க்கிற ஆரஞ்சு மஞ்சள் அதுதான். மருந்தின் பெரும்பங்கு நேராகப் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே கோடிக்கணக்கில் இருக்கும் நுண்ணுயிர்கள் நுகத்தடியைக் கழற்றிவிடுகின்றன. கழன்றதும் ஆஸ்பிரின் குடும்பத்து மாடு, அதாவது மெசலமின், புண் இருக்கிற இடத்திலேயே நின்று வேலை செய்கிறது. மற்றது, சல்ஃபாபிரிடின், ரத்தத்தில் ஏறிக் கல்லீரல் வழியாகச் சிறுநீரில் போய்விடும். இரண்டில் எது புண்ணை ஆற்றுகிறது என்பது நெடுநாள் கேள்வியாக இருந்தது. 1977-ல் இங்கிலாந்தில் செய்த ஆய்வில் மெசலமின்தான் என்று தெரிந்தது. சல்ஃபா பங்கு ஏறக்குறைய வண்டி இழுக்கிற மாடு: சரக்கைப் பெருங்குடல் வரை கொண்டுவந்து சேர்ப்பது அதன் வேலை. தலைவலி, குமட்டல், தோல் தடிப்பு போன்ற தொல்லைகள் பெரும்பாலும் அதனால் வருபவை.

இதில் பெற்றோருக்குத் தேவையான உண்மை ஒன்று இருக்கிறது. ஆரஞ்சு நிறம் கல்லீரல் கெட்டதையோ சிறுநீரகம் கெட்டதையோ காட்டவில்லை. மருந்து உடம்புக்குள் போய் வெளியே வருகிறது என்பதை மட்டும் காட்டுகிறது. அளவு கூடினால் நிறமும் கூடலாம். தண்ணீர் குறைந்தால் அடர்த்தியாகும். மாத்திரை நின்றால் சில நாளில் மறையும். சிலருக்கு வியர்வையும் கண்ணீரும் தோலும்கூட லேசாக மஞ்சள் பூக்கும். வெள்ளைச் சட்டைக் கழுத்துப் பட்டையிலும் உள்ளாடையிலும் கறை தெரியும். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் போடும் பிள்ளைகள் இருந்தால் அதில் கறை நிரந்தரமாகப் பிடிக்கலாம், அவர்கள் கண்ணாடி போடுவது நல்லது. நிறமே மாறாத குழந்தைகளும் உண்டு. அதற்காக மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ண வேண்டாம்.

கறை என்றாலே நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் பயம் வருவதில் நியாயம் இருக்கிறது. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் போர் தண்ணீரின் ஃபுளோரைடு எத்தனை பேர் பல்லில் காவிக் கறையாக நிற்கிறது! ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். “தண்ணியே இப்படி கறை போட்டுச்சு, மாத்திரை என்ன பண்ணுமோ” என்று ஒரு தாத்தா என்னிடம் கேட்டார். பல் முளைக்கும் முன், ஈறுக்குள் உருவாகும் வயதிலேயே ஃபுளோரைடு பல்லுக்குள் சேர்ந்துவிடுவதால் அந்தக் கறை போவதில்லை. சிறுநீர் நிறம் உடம்பின் எந்த உறுப்பிலும் ஒட்டிக்கொள்வது இல்லை. கழுவிவிடும் நீரோடு போகிறது.

மஞ்சக்காமாலையும் சூடும்

சிறுநீர் மஞ்சளாகப் போனால் நம் பக்கம் இரண்டே தீர்ப்புதான். ஒன்று, மஞ்சக்காமாலை. இரண்டு, உடம்புச் சூடு.

சூடு என்று முடிவு செய்தவர்கள் வெந்தயமும் இளநீரும் நீராகாரமும் கொடுப்பார்கள். தண்ணீர் சேர்வது நல்லதே, அதில் எனக்கு மறுப்பு இல்லை. “மாத்திரைதான் சூடு, ரெண்டு நாள் விடு” என்று பக்கத்து வீட்டில் சொல்கிறபோதுதான் கேடு தொடங்குகிறது.

மஞ்சக்காமாலை என்று முடிவு செய்தவர்கள் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார்கள், அல்லது நாட்டு மருந்து கொடுக்கிற ஊருக்குக் கூட்டிப்போகிறார்கள், பத்தியம் என்று கேழ்வரகுக் களியையும் எண்ணெயையும் பருப்பையும் நிறுத்துகிறார்கள். ஏற்கெனவே ரத்தம் இழந்து எடை குறைந்த குழந்தை அது. வாயைக் கட்டுவது அவளுக்குச் செய்கிற பெரிய அநியாயம் என்று நான் நினைக்கிறேன். பெயர் தெரியாத பச்சிலைகள் சில கல்லீரலைக் கெடுக்கவும் கூடும். பிறகு மாத்திரையால் கெட்டதா, மருந்திலையால் கெட்டதா என்று டாக்டரே திணறுவார்.

ஆனாலும் காமாலைப் பயத்தை முழுதாகத் தள்ளிவிடக் கூடாது. சல்ஃபாசலசினோ, இந்த நோய்க்கே கொடுக்கிற அசாதயோப்ரினோ அரிதாகக் கல்லீரலைப் பாதிக்கலாம். இந்தக் குடல் நோய் உள்ள சிலருக்குப் பித்தக்குழாய்கள் அழன்று சுருங்கும் இன்னொரு நோயும் சேர்ந்து வருவது உண்டு. ஆகவே பிரித்தறியக் கற்றுக்கொள்ள வேண்டும். பகல் வெளிச்சத்தில் குழந்தையின் கண்ணின் வெள்ளைப் பகுதியைப் பாருங்கள். அது வெள்ளையாக இருக்கிறது, சிறுநீர் தெளிந்த ஆரஞ்சு மஞ்சள், பசி எடுக்கிறது, விளையாடுகிறாள் என்றால் மாத்திரையின் நிறம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த முறை டாக்டரிடம் சொன்னால் போதும். வெள்ளை விழி மஞ்சளாகிறது, சிறுநீர் கடுங்காப்பி நிறத்துக்குப் போகிறது, மலம் களிமண் போல வெளுக்கிறது, உடம்பெல்லாம் அரிக்கிறது, வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுகிறது என்றால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். தோல் மட்டும் மஞ்சள் பூத்து விழி வெள்ளையாக இருந்தால் மருந்தின் சாயமாக இருக்கலாம். எனக்கு விழிதான் முதல் சாட்சி. சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு ரத்தப் பரிசோதனை ஒரே நாளில் தீர்த்துவிடும்.

பிளீச்சிங் பவுடர் செய்கிற வேலை

சல்ஃபாசலசின் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு, அல்லது தொடக்கத்திலேயே, மெசலமின் மட்டும் தனியாகக் கொடுப்பார்கள். நுகத்தடியும் சல்ஃபாவும் இல்லாத மாத்திரை, விலை கூடுதல். இது சிறுநீரை ஆரஞ்சாக்குவது இல்லை. ஆனால் இதில் ஒரு விசித்திரம் உண்டு. தெரியாதவர்களை இது சல்ஃபாசலசினைவிட அதிகமாகக் கலங்கடிக்கும்.

குழந்தை கழிவறைக்குப் போய்விட்டு வருகிறாள். உள்ளே பார்த்தால் பீங்கானில் செங்காவி நிறம். ரத்தம் என்றே தோன்றும். ரத்தப்போக்கு உள்ள நோயில் இதைப் பார்க்கிற தாய்க்கு எப்படி இருக்கும்!

ஆரத்தி கரைக்கும்போது என்ன நடக்கிறது? மஞ்சள் நீர் மஞ்சளாகத்தான் இருக்கிறது. ஒரு சிட்டிகை சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்கிறது. சிவப்பு மஞ்சளிலும் இல்லை, சுண்ணாம்பிலும் இல்லை. இரண்டும் சேர்ந்த இடத்தில் பிறக்கிறது. வேதியியல் வேறு என்றாலும் இங்கும் கதை அதுதான். சிறுநீரில் வெளியேறும் மெசலமின், பிளீச்சிங் பவுடரில் இருக்கும் ஹைப்போகுளோரைட்டைச் சந்தித்தால் செங்காவி நிறமாக மாறும். நிறம் குழந்தையின் உடம்பில் உண்டாகவில்லை, கழிவறையில் உண்டாகிறது. மருந்துக் கம்பெனியின் தகவல் தாளிலேயே இது அச்சிடப்பட்டிருக்கிறது, பொடி எழுத்தில்.

நம் ஊரில் இது நடக்க வாய்ப்பு நிறைய. ஊராட்சி மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலக்கிறார்கள். மழைக்காலத்தில் தெருவிலும் சாக்கடை ஓரத்திலும் தூவுகிறார்கள். பள்ளிக் கழிவறையைக் கழுவுவதும் அதை வைத்துத்தான். வீட்டில் வழக்கமான நிறத்தில் போகிற பிள்ளைக்குப் பள்ளியில் மட்டும் செங்காவியாகத் தெரிகிறது என்றால் முதலில் இதை நினையுங்கள்.

சோதிக்க ஒரு எளிய வழி. வெள்ளை பிளாஸ்டிக் கிண்ணமோ தெளிந்த கண்ணாடி டம்ளரோ ஒன்றை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். கேன் தண்ணீரில் அலசி நன்றாகக் காயவையுங்கள். குழந்தையை அதில் சிறுநீர் கழிக்கச் சொல்லி உடனே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கிண்ணத்தில் வழக்கமான மஞ்சள், கழிவறையில் மட்டும் செங்காவி என்றால் பிளீச்சிங் பவுடரின் வேலை. கிண்ணத்திலேயே சிவப்பு, இளஞ்சிவப்பு, கோலா நிறம் என்றால் அது உடம்பிலிருந்து வருகிறது. அதைத் தள்ளிப்போட வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிளீச்சிங் பவுடரைக் கிண்ணத்தில் போட்டுக் கலந்து பார்க்கிற வேலை மட்டும் கூடாது. அதிலிருந்து கிளம்பும் புகை நெஞ்சை அடைக்கும். ஆசிட்டோடு அதைக் கலப்பது இன்னும் ஆபத்து.

பெரிய பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் நாட்களில் கிண்ணச் சோதனை ஏமாற்றும். அதையும் கணக்கில் வையுங்கள்.

வேறு எவை நிறம் மாற்றும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் குழந்தைகள் ஒரு மாத்திரையோடு நிற்பதில்லை. பி காம்ப்ளெக்ஸ் கொடுத்தால் பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சள், அது ரிபோஃபிளேவின். வயிற்றுக்கு அடிக்கடி எழுதப்படும் மெட்ரோனிடசோல் சிலருக்குச் சிறுநீரைப் பழுப்பாக்கும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் செம்மஞ்சள் ஆக்கும். அந்த நோய்க்கு மருந்து சாப்பிட்ட வீடுகளில் இது எல்லோருக்கும் தெரியும், யாரும் பதறுவதில்லை. பீட்ரூட் சிலருக்கு மட்டும் சிவப்பாகக் காட்டும். ஸ்டீராய்டு நிறத்தை மாற்றாது. பள்ளியில் வாராவாரம் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும், அதைப் பழைய ரத்தம் என்று குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. அந்த மாத்திரை கொடுக்கும் கிழமையைக் குறித்து வைத்தால் குழப்பம் தீரும்.

எப்போது ஓட வேண்டும்

காமாலைக்கான அடையாளங்களைச் சொல்லிவிட்டேன். இன்னும் சில இருக்கின்றன.

ஜி6பிடி என்று ஒரு நொதி. சிவப்பணுக்களைக் காக்கிற கவசம் மாதிரி. பிறவியிலேயே அது குறைவாக இருக்கிற குழந்தைகள், அதிலும் ஆண்பிள்ளைகள், நம் நாட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கு சல்ஃபா சேர்ந்தால் சிவப்பணுக்கள் கூட்டமாக உடையலாம். அப்போது சிறுநீர் ஆரஞ்சாக இருக்காது. கோலா நிறம், கறுப்புத் தேநீர் நிறம். கூடவே குழந்தை சட்டென்று வெளுப்பாள், மூச்சு வாங்கும், படி ஏற முடியாது, கண் மஞ்சளாகும். இது காத்திருக்கக் கூடிய விஷயம் இல்லை. 108-க்குக் கூப்பிட்டாலும் தப்பில்லை. முன்பு மலேரியா மாத்திரையிலோ சல்ஃபா மருந்திலோ யாருக்காவது வீட்டில் இப்படி ஆகியிருந்தால், மாத்திரை ஆரம்பிக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மாத்திரை ஆரம்பித்த முதல் இரண்டு மூன்று மாதம் கண்ணை மூடாமல் பார்க்க வேண்டிய காலம். காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடிப்பு, வாய்க்குள்ளும் உதட்டிலும் புண், விழுங்க முடியாத தொண்டை வலி, தோலில் ஊதா நிறத் திட்டு, இவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரைக்கு முன் டாக்டரைக் கேளுங்கள். வெள்ளணுக்கள் குறைவதோ கடுமையான ஒவ்வாமையோ இப்படித்தான் தலைகாட்டும். இந்த இடத்தில் மட்டும், டாக்டரைப் பிடிக்க முடியாவிட்டால் அந்த வேளையைக் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதே சரி. நிறத்துக்காக நிறுத்துவதும் இதற்காக நிறுத்துவதும் ஒன்று அல்ல.

மெசலமின் சாப்பிடும் சிலருக்கு அரிதாகச் சிறுநீரகத் திசு அழலும். அது நிறத்தில் தெரியாது என்பதுதான் கஷ்டம். முகம், கால் வீங்குவதும் சிறுநீர் குறைவதும் தாமதமாக வருகிற அடையாளங்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் பார்ப்பது அதற்காகத்தான். சல்ஃபாசலசினுக்கு ரத்த அணுக்களும் கல்லீரலும் பார்க்க வேண்டும். முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அடுத்த மூன்று மாதம் மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது மருந்தின் தகவல் தாள் சொல்கிற கணக்கு. உங்கள் டாக்டர் சற்று மாற்றிச் சொல்லலாம். “பாப்பா நல்லாத்தான இருக்கா, எதுக்கு ஊசி குத்தணும்” என்று டெஸ்ட்டைத் தள்ளுகிறவர்களிடம் நான் கெஞ்சியே கேட்கிறேன், தள்ளாதீர்கள். நிறத்தைப் பார்த்துப் பதறுகிற கண்ணுக்குத் தெரியாதவற்றை அந்த டெஸ்ட்தான் பார்க்கிறது. அரசு மருத்துவமனையில் இவற்றுக்குக் காசு வாங்குவதில்லை. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இப்போது மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன.

சல்ஃபாசலசின் உடம்பில் ஃபோலிக் அமிலம் சேர்வதைக் குறைக்கும் என்பதால் அந்த மாத்திரையும் எழுதியிருப்பார்கள். சின்ன மாத்திரை, விலை குறைவு என்று விட்டுவிடாதீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு, நிறையத் தண்ணீரோடு கொடுங்கள். மேலே வழவழவென்று பூச்சு இருக்கிற மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைக்கக் கூடாது, பூச்சு போட்டதே வயிற்றில் கரையாமல் தாண்டிப் போவதற்காக. விழுங்க முடியாத குழந்தை என்றால் கடையில் அல்ல, டாக்டரிடம் வேறு வழி கேளுங்கள்.

அந்தப் பாப்பாவின் கதைக்குத் திரும்புகிறேன். அன்றே டாக்டரிடம் போனில் பேசி, அவர் சொன்னபடி மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். ரத்தம் நிற்க மூன்று வாரம் ஆனது. ஆனால் அவள் அம்மாவுக்கே தெரியாத இன்னொன்று பின்னால்தான் வெளியே வந்தது. பள்ளிக் கழிவறையில் அந்த நிறத்தை ஒரு பெண் பார்த்துவிட்டு மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறாள். அதிலிருந்து இவள் காலையிலிருந்து மாலை வரை தண்ணீரே குடிப்பதில்லை. குடித்தால்தானே போக வேண்டும்! தண்ணீர் குறையக் குறைய நிறம் அடர்த்தியாகியிருக்கிறது. சல்ஃபா மருந்து சாப்பிடுகிறவர்கள் தண்ணீர் குறைத்தால் சிறுநீரில் படிகம் சேரவும் கூடும்.

ஆகவே பெரியவர்களுக்குச் சொல்வதற்கு முன் குழந்தைக்குச் சொல்லுங்கள். மாத்திரையைக் கையில் கொடுத்து, “இதோட கலருதான் அங்க வருது” என்று காட்டுங்கள். டீச்சரிடம் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்: இந்த மருந்தால் நிறம் மாறும், அவசரமாகக் கழிவறைக்குப் போகக் கேட்டால் தடுக்காதீர்கள், தண்ணீர் பாட்டில் மேசையிலேயே இருக்கட்டும். அடர்ந்த நிறத்தில் உள்ளாடை வாங்கிக் கொடுங்கள். இந்தப் பிள்ளையின் டீச்சர் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, வகுப்பில் எதுவும் பேசாமல் அவள் இடத்தைக் கதவுப் பக்கமாக மாற்றி வைத்தார். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

இப்போது அவளுக்கு 11 வயது. தலைவலி விடாமல் வந்ததால் டாக்டர் சென்ற மாதம் மெசலமினுக்கு மாற்றியிருக்கிறார். சீட்டை அவளே நீட்டினாள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“மாமா, இதுக்கும் கலர் வருமா?”

“வராது கண்ணு. ஸ்கூல்ல பிளீச்சிங் பவுடர் போட்ட அன்னிக்கு மட்டும் கீழ செவப்பா தெரியலாம். அது உன்னோடது இல்ல, பவுடரோடது. வீட்டுக்கு வந்து கிண்ணத்துல பாரு. அதுலயும் செவப்பா இருந்தா அம்மாகிட்ட சொல்லு.”

அம்மா பையிலிருந்து பேனா எடுத்து, மருந்து டப்பாவின் மேல் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.